மூச்சு விட முன் அனுமதி

'அவசர நிலையில் முன் அனுமதி தேவையில்லை; சிகிச்சைக்குப் பின் ஒப்புதல் பெறலாம்.' ஓய்வூதியர் மருத்துவத் திட்டத்தில் இப்படி ஒரு விதி உண்டு. நிர்வாகப் பிரிவில் இருந்தபோது பலருக்கு நானே அதை எடுத்துக் காட்டியிருக்கிறேன். 2006-இல், புனேயில், எனக்கே அது தேவைப்பட்டபோது பொருந்தாது என்று தீர்ப்புச் சொன்னவனும் நான்தான்.

மூன்று வகை மாத்திரை விழுங்கியும் இரத்த அழுத்தம் இறங்கவில்லை. என் குறட்டை எங்கள் சாங்வி குடியிருப்புக்கே தெரியும். நடுவில் மூச்சு நின்றுபோவது மனைவிக்கு மட்டும் தெரியும். இதயம் திணறினால் இரத்தத்தில் கூடும் ஒரு பொருள் எனக்கு ஏகத்துக்கும் கூடியிருந்தது.

"மூச்சு அடைபடும்போதெல்லாம் இதயம் அடி வாங்குகிறது. தூக்கப் பரிசோதனை செய்து, தூங்கும்போது மூக்கு வழியே காற்று செலுத்தும் கருவியை உடனே வைக்க வேண்டும்" என்றார் டாக்டர். நான் முன் அனுமதிக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

"இது அவசரம் இல்லையா?" என்றாள் மனைவி.

"நடந்து போய் டாக்டரைப் பார்த்தவனுக்கு அவசரம்னு எழுத முடியாதுடி."

"நாலு பேர் தூக்கிட்டுப் போனாத்தான் உங்க விதி ஒத்துக்குமா?"

தூங்கவே பயம் வந்துவிட்டது. உட்கார்ந்தால் கண் சொக்கும் என்று செய்தித்தாளைக்கூட நின்றுகொண்டே படித்தேன். கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. மனு என்னவாயிற்று என்று கேட்க எங்கள் துறையின் ஓய்வூதிய அலுவலகத்துக்கே போனேன். அங்கே பெஞ்சில் உட்கார்ந்ததுதான் நினைவிருக்கிறது.

"காகா! காகா!" என்று மராத்தியில் பெரியவரைக் கூப்பிடும் முறையில் அழைத்து யாரோ தோளை உலுக்கினார்கள். "ஐயோ, என்னப்பா!" என்று விழித்தேன்.

"தமிழுங்களா? பயந்தே போயிட்டனுங்க. குறட்டை நின்னுது, மூச்சையும் காணோம்."

புனேக்கு வெளியே சாகணில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை எஞ்சினியராம், கோயம்புத்தூர்க்காரர். என் மனுவின் வரலாற்றை விதி எண்ணோடு அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"மூச்சு விடறதுக்கும் மேலிடத்து அனுமதி வேணுங்களா சார்?"

எனக்கே சிரிப்பு வந்தது.

"எங்கப்பாவுக்கும் இதேதானுங்க. கருவி வாங்கி வெச்சோம். மூஞ்சில மாட்டமாட்டேன்னு ஒரே பிடிவாதம்."

"இப்ப எப்படி இருக்கார்?"

அவர் கையிலிருந்த கோப்பைக் காட்டினார். "அம்மாவோட ஃபேமிலி பென்ஷன் விஷயமாத்தானுங்க வந்திருக்கேன்."

என் சிரிப்பு அப்படியே நின்றது. தன் முறை வரும் நேரத்தில் அவர் எழுந்து, என்னை ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோய் விட்டார். மனைவி வரும்வரை என்னைத் தூங்கவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

அனுமதிக்குக் காத்திராமல், கைக்காசில், அந்த வாரமே பரிசோதனை முடிந்து கருவி வந்தது. யானைத் துதிக்கை மாதிரி குழாயோடு படுத்தேன். சில மாதங்களில் இரத்த அழுத்தம் இறங்கியது. இரத்தத்தில் கூடியிருந்த அந்தப் பொருளும் குறைந்ததைப் பார்த்து டாக்டரும் திருப்தியாகத் தலையசைத்தார். இன்றும் யாராவது விதி என்று ஆரம்பித்தால் அந்தக் குடும்ப ஓய்வூதியக் கோப்புதான் கண்முன் வருகிறது. என் மனைவி கையில் அப்படி ஒன்று இல்லையே என்று ஆறுதல் கொள்கிறேன். என் மனுவுக்குப் பதில் வந்தது மறு வருடம், சங்கராந்திக்கு மறுநாள்.