சாவடியில் படுத்திருந்த ஆபீசர்

என் பெரியப்பாவுக்குக் கோபம் வந்தால் எங்கள் வீட்டு மாடுகூடத் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கும். மோகனூருக்கு மேற்கே காவிரிக் கரையில் இருந்த எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்கு அவர்தான் தர்மகர்த்தா. கோயில் வயலில் விளையும் நெல்லைக் கொண்டு, பரிசலுக்குக் காத்திருக்கும் வழிப்போக்கர்களுக்கு மத்தியானக் கஞ்சி ஊற்ற வேண்டும் என்பது முன்னோர் ஏற்படுத்திய தர்மம். கஞ்சி சற்று நீர்த்திருந்தாலும் பெரியப்பா சமையல்காரரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

எனக்கு ஒன்பது வயதானபோது பங்காளிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, கோயில் யாருக்கு என்று சண்டை போட்டார்கள். மனுவுக்கு மேல் மனு போயிற்று. கோயில்களைக் கவனிக்க வெள்ளைக்காரச் சர்க்கார் ஏற்படுத்தியிருந்த போர்டு, இரண்டு கட்சியும் வேண்டாம் என்று, கோயிலை ஏற்று நடத்த ஓர் ஆபீசரை அனுப்பிவைத்தது. உடனே இரண்டு கட்சியும் ஒன்றாகிவிட்டது.

ஆபீசர் தஞ்சாவூர்ப் பக்கத்து இளைஞர். ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். யாரும் வீடு தரவில்லை. கடைக்காரர் பொரிகடலைகூட இல்லை என்றார். ஊர்ச் சாவடியில் படுத்துக்கொண்டு, மத்தியானம் வழிப்போக்கர்களோடு வரிசையில் உட்கார்ந்து கோயில் கஞ்சியைக் குடித்தார். காலைதோறும் எங்கள் வாசலில் நின்று, "கோயில் சாவிய வாங்கிக்கலாம்னு வந்தேன், ஐயா" என்பார்.

"அவரு ஊட்டுல இல்லீங்க" என்று உள்ளிருந்து பெரியப்பாவே பதில் சொல்வார்.

ஆபீசர் பொறுப்பேற்பதற்குள் கோர்ட்டில் தடை வாங்கிவிடலாம், அதுவரை சாவியை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று நாமக்கல் வக்கீல் சொல்லியிருந்தார்.

திடீரென்று ஆபீசர் வருவது நின்றது. குளிர்காய்ச்சலாம். ஊரில் சிலருக்கு அது அம்மனே பார்த்துச் செய்த காரியமாகத் தோன்றியது. பெரியம்மாவுக்கு அப்படித் தோன்றவில்லை. பெரியப்பா வயலுக்குப் போன நேரம் பார்த்து, மிளகு ரசம் விட்டுக் குழைத்த சோற்றைத் தூக்குப்போசியில் போட்டு என்னிடம் கொடுத்தாள்.

"ஓடிப்போயிக் குடுத்துப்போட்டு வந்துரு சாமி. உங்க பெரீப்பாகிட்ட மூச்சு உடாத."

சாவடிக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். வயலுக்குப் போயிருந்த பெரியப்பா, நடுங்கிக்கொண்டிருந்த ஆபீசரின் தலையைத் தன் மடியில் தாங்கி, கோயில் கஞ்சியை ஊதி ஊதிப் புகட்டிக்கொண்டிருந்தார்.

"வெளியூர்க்காரங்க எல்லாருக்கும் ஊத்தியாச்சா, ஐயா?" என்று ஆபீசர் முனகினார்.

"ஊத்தியாச்சுங்க. மிச்சந்தான் இது. பேசாம குடிங்க" என்று அதட்டிவிட்டு, சிந்தியதைத் தன் துண்டால் துடைத்தார் பெரியப்பா. அப்போதுதான் என்னையும் தூக்குப்போசியையும் பார்த்தார். "பெரீம்மாகிட்டச் சொல்லாத கண்ணு" என்றார்.

அன்றுமுதல் இருவர் ரகசியமும் என் தலையில் ஏறியது. ஒரே நோயாளிக்கு இரண்டு சாப்பாடு போய்க்கொண்டிருந்தது.

விஷயம் தெரிந்து பங்காளிகள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். "அந்தாளு எந்திரிச்சா முதல்ல உங்க சாவியத்தான் புடுங்குவான். அவனுக்குப் போயிக் கஞ்சி ஊத்தறீங்களே, ஏனுங்க இது?" என்றார்கள்.

பெரியப்பா கத்துவார் என்று காத்திருந்தேன். "பசிச்சு வாரவங்களுக்குத்தான அந்தக் கஞ்சி. அவனுக்கும் பசிக்குதப்பா" என்று மெதுவாகச் சொன்னார்.

ஆபீசர் எழுந்து நடமாடத் தொடங்கியதும், பெரியப்பா குளித்துத் திருநீறு பூசி, சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு என்னையும் கைப்பிடித்துச் சாவடிக்கு நடந்தார்.

"கோர்ட்டுல நாம செயிச்சுருவமுங்க, பெரீப்பா" என்றேன்.

"செயிச்சா இவனுங்க மறுக்கா அடிச்சுக்குவானுங்க. அப்புறம் கஞ்சிய எவன் பாப்பான்?"

ஆபீசர் சாவியை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

"கஞ்சி தண்ணியா இருந்துதுன்னா நான் வந்து சத்தம் போடுவனுங்க" என்றார் பெரியப்பா.

"அவசியம் போடுங்க, ஐயா."

பங்குனியில் திருவிழா வந்தது. தேர் வடத்தைத் தொடும் முன் தர்மகர்த்தாவின் தலையில் பரிவட்டம் கட்டுவது வழக்கம். அந்த மரியாதை இப்போது பொறுப்பில் இருப்பவருக்கு. ஆபீசரே எங்கள் வீட்டுக்கு வந்து, "நீங்கதான் கட்டிக்கணும், ஐயா. நான் பக்கத்துல நின்னுக்கறேன்" என்றார்.

"முறைன்னு ஒண்ணு இருக்குதுங்களே. நீங்க போங்க. எனக்கு மண்டையிடி" என்று பெரியப்பா சுவரோரம் படுத்துக்கொண்டார். ஆபீசர் வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டுப் போனார்.

நான் சுக்கை இழைத்து, பெரியப்பாவின் நெற்றி முழுக்கப் பற்றுப் போட்டேன். கோயில் பக்கம் பம்பை முழங்கத் தொடங்கியது. மூடியிருந்த அவர் கண்களிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"எரியுதுங்களா, பெரீப்பா?"

"ஆமாஞ்சாமி."

பெரியம்மா எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்தினாள். சுக்கை அவ்வளவு கெட்டியாக இழைத்திருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு, ஈரத்துணியால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டேன். துடைத்த பிறகும் எரிச்சல் அடங்கவில்லை போலிருந்தது.