மருமகள்களுக்கு மட்டும் வரும் பரம்பரை வியாதி

தென்காசியில் வீடு இருப்பவர்களுக்குச் சொந்தக்காரர்கள் குறைவதே இல்லை. கார்த்திகை மாதம் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனால் அடையாளம் தெரியாமல் விழிக்கிறவர்கள்கூட, ஆனி பிறந்து மேற்கே மலை கறுத்து முதல் சாரல் விழுந்ததும் என் மாமனாருடைய சித்தப்பா பேத்தியின் நாத்தனார் மகன் என்று முறை சொல்லிக்கொண்டு ரயிலடியிலிருந்து நேராக எங்கள் வீட்டில் வந்து இறங்குவார்கள். குற்றாலத்தில் சத்திரம் இல்லாமலில்லை. ஆனால் சத்திரத்தில் மாவு ஆட்டிச் சுடச்சுடத் தோசை போட நான் இருக்க மாட்டேனே.

அருவித் தண்ணீருக்கு ஆயிரம் வைத்திய குணம் சொல்வார்கள். நான் கண்ணால் கண்டது ஒன்றுதான்: குளித்தவனுக்கு அகோரமாகப் பசிக்கும். காலையில் ஜட்காவிலோ பஸ்ஸிலோ போய்த் தலையைக் கொடுத்துவிட்டு, ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பந்தியில் உட்கார்ந்தால், எண்ணிக்கை என்பதே கிடையாது. தோசைக்கல் ஆறுவதற்குள் அடுத்த பந்தி. மாலையில் ஐந்தருவி. திரும்பி வந்ததும் மறுபடி பந்தி.

ஐம்பதுகளின் கடைசியில் நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனேன். மாமனார் அதற்கு முன்பே காலமாகியிருந்தார். என் வீட்டுக்காரர், அத்தை, நான், பிறகு இரண்டு பிள்ளைகள். பத்து மாதம் அமைதியான குடும்பம். மீதி இரண்டு மாதம் கல்யாணச் சத்திரம். கொல்லைத் தாழ்வாரத்தில் ஒரு ஆட்டுரல் இருந்தது. அத்தையின் மாமியார் காலத்துக் கல். அதன் குழவியை நான் ஒருத்தியாகத் தூக்க முடியாது, சுற்றத்தான் முடியும். மருமகள் வந்த அன்றைக்கே அத்தை அதைவிட்டு எழுந்துவிட்டாள். தனக்குக் கை வராது என்று ஒரே வார்த்தையில் முடித்தாள். மாமியார் சாமர்த்தியம் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது முதன்முதலாக வலது கை மரத்தது. பெருவிரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். தூக்கத்தில் விழிப்பு வரும். எழுந்து உட்கார்ந்து கையை உதறு உதறென்று உதறினால் கொஞ்சம் அடங்கும். பிரசவத்துக்குப் பின் அதுவாகவே போயிற்று. அடுத்த ஆனியில் விருந்தாளிகளோடு அதுவும் திரும்பி வந்தது. ஆடி போனதும் விருந்தாளிகள் போனார்கள், அது போகவில்லை.

நான் கையை உதறுவதை அத்தை பார்த்தாள். அதிர்ச்சியெல்லாம் இல்லை. ரொம்ப நாளாக எதிர்பார்த்த ஆள் வந்துவிட்ட மாதிரி கேட்டாள்.

"ஒனக்கும் வந்துட்டா? எங்க அத்தைக்கு இருந்துது, எனக்கு இருந்துது. இந்த வீட்டு மருமகளுக்கெல்லாம் வரும். பரம்பரையா வருதுல்லா."

பரம்பரை என்றால் ரத்த வழியில் வருவது என்று எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே தெரியும். என் ரத்தம் திருவேங்கடத்து ரத்தம், அத்தையின் ரத்தம் செங்கோட்டை ரத்தம். ஆனால் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இது உறுத்தவில்லை, ஏனென்றால் அதற்கும் ஒரு கதை தயாராக இருந்தது. எந்தக் காலத்திலோ ஒரு மருமகள் தீட்டோடு குலதெய்வத்தின் விளக்கைத் தொட்டுவிட்டாளாம். அந்த அம்மன் ஆய்க்குடிப் பக்கம் வயல்காட்டில் ஒரு வேப்பமரத்தடியில் இருக்கிறாள். வாழ வருகிறவள் கையெல்லாம் மரத்துப்போகட்டும் என்று சபித்தாளாம். அதனால் வெள்ளியில் கை செய்து அவளுக்குச் சாத்துவது வழக்கம். அத்தையின் மாமியார் ஒன்று சாத்தினார், அத்தை ஒன்று சாத்தினாள். சாபமும் விசேஷமான சாபம். ஆண்பிள்ளைகளைத் தொடவில்லை. பிறந்த பெண்கள் வேறு ஊருக்கு வாழப் போனால் பின்னால் போகவில்லை. குற்றாலத்துக்கு மூன்று மைல் தள்ளி, மாவு ஆட்டுகிறவளை மட்டும் தேடிவந்து பிடித்தது.

அம்மனுக்கு அடுத்தபடி எங்களுக்குப் பெரிய மாமா. என் மாமனாரின் அண்ணன், வீரகேரளம்புதூர்க்காரர். மாமனார் இல்லாத வீட்டுக்கு அவரே தலைவர் என்று அவரே முடிவு செய்திருந்தார். சீசனுக்கு முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போவார். அவருக்குத் தெரியாத வைத்தியம் இல்லை. குணமான நோயாளி ஒருத்தரையும் நான் பார்த்ததில்லை, அது வேறு விஷயம். அடுத்த வருஷச் சீசனில் என் கையைத் தூரத்தில் இருந்தே பார்த்துவிட்டு, வாயு மணிக்கட்டில் வந்து அடைத்திருக்கிறது, இறுக்கிக் கட்டினால் இறங்கிவிடும் என்றார். உளுந்து மாவும் முட்டை வெண்கருவும் குழைத்துப் பற்றுப் போட்டுத் துணியால் இறுக்கிக் கட்டச் சொன்னார். அந்த உளுந்தைத் திருகையில் திரித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். மரத்துப்போன கையால் மாவு திரித்து, மரத்துப்போன கைக்கே பற்றுப் போட்டுக்கொண்டேன். காலையில் விரல் நுனிகள் நீலம் பாரித்திருந்தன. வாயு இறங்குவதற்கு அடையாளம் என்றார்.

பற்றுக்குப் பிறகு அருவி. எந்த அருவி என்பதில் பந்தியில் பெரிய வழக்கு நடந்தது. பேரருவிதான் கைக்கு நல்லது என்று ஒரு கட்சி, ஐந்தருவியில் ஐந்து விழுது இருப்பதால் ஐந்து விரலுக்கும் அதுதான் பொருத்தம் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் சட்னி கேட்டது. கடைசியில் பேரருவி வென்றது. பெண்கள் பக்கம் இரண்டு சொந்தக்காரிகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் கல்லாக விழுகிற இடத்தில் மணிக்கட்டை நீட்டிப் பிடித்தார்கள். வளையல்கள் உடைந்தன. கை வீங்கியது. கெட்ட நீர் வெளியே வருகிறது என்று அதற்கும் சந்தோஷப்பட்டார்கள். இத்தனை பேர் இத்தனை வைத்தியம் சொன்னார்களே, மாவு ஆட்டுவதை நிறுத்திப் பார் என்று ஒரு வாய்கூடச் சொல்லவில்லை. நிறுத்தினால் அந்த வாய்க்கு என்ன கிடைக்கும்?

ஒருநாள் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது தோல் கருகும் நாற்றம் வந்தது. அடுப்பில் ஏதோ விழுந்துவிட்டது என்று தேடினேன். என் ஆள்காட்டி விரல் கல்லின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வலிக்கவே இல்லை. வலித்திருந்தால் கத்தியிருப்பேன், இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். என் வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனிதர். பெரிய மாமா எதிரில் அறவே பேசாதவர். அந்த விரலைப் பார்த்துவிட்டு, நாளைக்குப் பாளையங்கோட்டைக்குப் போகிறோம் என்று மட்டும் சொன்னார். பெண் துணை இல்லாமல் மருமகளை அனுப்ப மனமில்லாமல் அத்தையும் கூடவே ரயிலேறினாள்.

அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். என் மணிக்கட்டை மடக்கிப் பிடித்தார், கொஞ்ச நேரத்தில் விரல்கள் விறுவிறுத்தன. சுண்டுவிரல் மரக்கிறதா என்று கேட்டார். அப்போதுதான் யோசித்தேன். ஒருநாளும் மரத்ததில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு, அது வேறு வழியாகப் போகிறது என்றார்.

பிறகு எங்களுக்குப் புரியும்படி விளக்கினார். செங்கோட்டை தாண்டி ரயில் மலைக்குகைக்குள் நுழைகிறதே, அதுபோல மணிக்கட்டில் ஒரு குகை இருக்கிறதாம். கீழேயும் பக்கத்திலும் எலும்பு, மேலே கெட்டியான நார்ப்பட்டை. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநார்களும் ஒரே ஒரு நரம்பும் அதற்குள்தான் போகவேண்டும். ஓயாமல் அழுத்திப் பிடித்து வேலை செய்தால் நார்களின் உறை வீங்கும். குகை பெரிதாகாது. நசுங்குவது நரம்பு. கர்ப்பத்தில் உடம்பில் நீர் சேர்வதாலும் வரும், சர்க்கரை வியாதியாலும் கழுத்துச் சுரப்பிக் கோளாறாலும் வரும். இங்கிலீஷில் கார்ப்பல் டனல் என்று பெயர் சொன்னார். எனக்கு ஆனி ஆடியில் எங்கள் வீடு ஞாபகம் வந்தது. ஒன்பது பேர் வீங்கிப் படுத்திருக்க, ஒருத்தி சுவரோடு சுவராக நசுங்குவது எனக்குப் புதிதல்ல.

குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டதும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். பரம்பரைக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார்.

"இவங்க உங்க மகளா?"

"மருமக."

"அப்போ பரம்பரையா எப்படிம்மா வரும்? உங்க மாமியார்கிட்டேருந்து உங்களுக்கும், உங்ககிட்டேருந்து இவங்களுக்கும் என்னதான் வந்துது?"

அத்தை யோசித்தாள். "வீடு வந்துது. பித்தளைப் பானை வந்துது. ஆட்டுரல் வந்துது," என்றாள்.

டாக்டரம்மா அத்தையின் வலது கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பெருவிரலுக்குக் கீழே எல்லோருக்கும் மேடாக இருக்கும் சதை அவளுக்குப் பள்ளமாக இருந்தது. பெருவிரலைச் சுண்டுவிரலோடு சேர்க்கச் சொன்னார், சேரவில்லை. அத்தை வெற்றிலை போடும்போது பாக்கை இரண்டு விரலால் எடுக்கமாட்டாள். உள்ளங்கையில் கொட்டி வாயில் எறிந்துகொள்வாள். அதை ஒரு மிடுக்கு என்று நாங்கள் நினைத்திருந்தோம். கரைந்த சதை இனித் திரும்பாது, முன்பே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. என் கையில் அது கரைய ஆரம்பித்திருக்கிறது. இடது கையிலும் நோய் இலேசாகத் தொடங்கியிருக்கிறது, அதற்கு இராத்திரியில் மணிக்கட்டு மடங்காமல் மட்டை வைத்துக் கட்டுவதும் ஒரு ஊசியும் போதும். வலது கைக்குக் கத்திதான் வழி. மாவு ஆட்டுவதை இன்றோடு விடாவிட்டால் எந்த வைத்தியமும் நிற்காது என்றும் சொன்னார்.

திரும்பும் ரயிலில் அத்தை தன் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் பெரிய மாமா பந்தியில் இருந்தார். பக்கத்து வீட்டிலிருந்து மாவு கடன் வாங்கியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் டாக்டர் சொன்னதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். கத்தி என்றதும் பந்தியே சிரித்தது. மாவு ஆட்ட ஆள் வைக்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். கண்ட கை பட்ட மாவைத் தான் தொடுவதில்லை என்றார் பெரிய மாமா. பிறகு பெரிய மனது பண்ணி ஒரு வழி சொன்னார்.

"வலது கைதான சரியில்ல? இடது கை சும்மாதான கெடக்கு. ஆடி முடியட்டும், பொறவு பாத்துக்கிடலாம்."

அத்தை கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். புருஷனின் அண்ணன் எதிரே வந்து நிற்பதோ நேருக்கு நேர் பேசுவதோ அந்த வீட்டில் கிடையாது. ஏதாவது சொல்லவேண்டுமானால் பிள்ளைகளிடம் சொல்வதுபோல் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து சொல்வாள். வாழவந்த நாளிலிருந்து அப்படித்தான். அன்றைக்குக் கதவைத் தாண்டி வந்தாள். நேராகப் போய் அவர் இலைக்கு முன்னால் குனிந்து தன் வலது கையை விரித்து வைத்தாள்.

"இந்தக் கையப் பாத்துக்கிடுங்க அத்தான். ஒங்களுக்கு மாவாட்டிப் போட்ட கை. இனி இந்த வீட்டில அருவிக்கு வாரவுகளுக்கு மாவாட்ட ஆளில்ல. பசிச்சா அருவித் தண்ணியக் குடிச்சிக்கிடுங்க."

பெரிய மாமா இலையை மடக்கினார். தோசை தின்றது போதாமல் இல்லை, ஏழாவது முடிந்திருந்தது. வயலில் அவசர வேலை இருப்பது திடீரென்று ஞாபகம் வந்து மத்தியான பஸ்ஸில் போனார். மற்றவர்களுக்கும் அடுத்தடுத்து ஞாபகம் வந்தது. சாரல் அமோகமாக அடித்துக்கொண்டிருந்த அந்த ஆடியில் எங்கள் வீடு மட்டும் காலியாகக் கிடந்தது. எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா!

கையை மட்டும் மரக்கவைத்து ஆபரேஷன் செய்தார்கள். உள்ளங்கையில் சிறு கீறல். குகையின் கூரையான அந்தப் பட்டையை அறுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். கையை உயர்த்தியே வைக்கவேண்டும், விரல்களை மட்டும் ஓயாமல் மடக்கி நீட்டவேண்டும் என்றார்கள். அன்று இரவு நான் விடியும்வரை தூங்கினேன். உதறாமல் தூங்கியது எத்தனை நாளைக்குப் பிறகோ! விழித்ததும் அழுதேன். மற்றதெல்லாம் மெதுவாகத்தான் வந்தது. தையல் பிரித்த பின்னும் தழும்பு தொட்டால் வலித்தது. துணி பிழிய வரவில்லை, எலுமிச்சம்பழம்கூடப் பிழிய வரவில்லை. வீட்டில் உப்புமாவும் கஞ்சியும் நடந்தன. ஒருவரும் செத்துப்போகவில்லை.

பேர் மட்டும் மற்றவர்களுக்குப் போயிற்று. பேரருவியில் கையைக் காட்டியதன் பலன் தாமதமாகத் தெரிந்திருக்கிறது என்று வீரகேரளம்புதூரில் பெரிய மாமா சொல்லிக்கொண்டு திரிந்தார். அத்தையும் விடவில்லை. ஆய்க்குடி அம்மனுக்கு என் பேரில் மூன்றாவது வெள்ளிக் கை போயிற்று. கொண்டுபோய்ச் சாத்தியவளிடம் நான் வாதாடவில்லை. என் கையைக் காப்பாற்றியவளும் அவள்தானே.

தை மாதம் ஒரு மத்தியானம் அத்தை வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு வெற்றிலையை எடுத்து, சுண்ணாம்பை விரல் நுனியால் தொட்டுத் தடவி, பாக்குச் சீவலை இரண்டு விரலால் கிள்ளி வைத்து மடித்துக் கொடுத்தேன். அவள் அதை வாங்காமல் என் கையைப் பிடித்தாள். பெருவிரலுக்குக் கீழே இருந்த சதையை அழுத்திப் பார்த்தாள்.

"நல்லா வந்துட்டு ஏட்டி," என்றாள்.

பிறகு வெற்றிலையை இடது கையால் வாங்கிக்கொண்டு, வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள்.