அனுமதி கிடைக்காத நாட்டின் ஆட்டக்காரர்கள்

போன வாரம் காலையில் பசியாறிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. சேவியர் அண்ணன், என் சிநேகிதி பிலோமினாவின் கூடப்பிறந்தவர். "வசந்தி, பிலோ போய்ட்டாம்மா" என்றார். மண்டு மாதிரி "எங்கண்ணே?" என்று கேட்டேன். ஃபெரிப் படகு ஏறி எங்கேயோ போயிருக்கிறாள், சாயங்காலம் வந்துவிடுவாள் என்றுதான் என் புத்திக்கு அந்த நொடியில் பட்டது. அவர் அழுதார். அப்புறம்தான் எனக்கு விளங்கியது.

பிலோமினாவை அறிந்தவர்கள் உங்களில் நிறையப் பேர். மாதா கோயில் பாட்டுக் குழுவில் அவள் குரலைக் கேட்டிருப்பீர்கள். புக்கிட் மெர்தாஜாம் பசாரில் அவள் மீன் விலை பேசும்போது பக்கத்தில் நின்று சிரித்திருப்பீர்கள். ஆனால் அவள் என்ன வேலை பார்த்தாள் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. அவள் நாடுகளிடம் அனுமதி கேட்பவள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, விளையாட்டுக்காகத்தான் கேட்டாள்.

பல வருஷங்களுக்கு முன், கடலுக்கு அக்கரையில் ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில், கணினியில் ஆடும் ரக்பி ஆட்டம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். முட்டை வடிவப் பந்தை இடுக்கிக்கொண்டு பக்கத்துக்குப் பதினைந்து பேர் ஓடி மோதும் ஆட்டம். நிரல் எழுதுவது நான். ஒரு நாட்டின் அணியை அதில் சேர்க்க அந்த நாட்டு ரக்பிச் சங்கம் சம்மதிக்க வேண்டும். சட்டை நிறம், சின்னம், ஆட்டக்காரர் பெயர் எல்லாமே அவர்கள் சொத்து. சம்மதம் கேட்டு வாங்குவது பிலோ. மத்தியானம் கண்ணைச் சொருகும் நேரத்தில் அவள் மேசையிலிருந்த ஃபேக்ஸ் முனகும், சம்மதத் தாள் மெல்ல வெளியே வரும். "வசந்தி, ஃபிஜிக்காரங்க வந்துட்டாங்கலா!" என்பாள். நிஜமாகவே பதினைந்து ஆட்கள் கடல் ஈரத்தோடு மாடிப்படி ஏறி வந்து நிற்பதுபோல எனக்கு இருக்கும். அவள் எழுந்து நாற்காலியைக்கூட நகர்த்தி வைப்பாள்.

ஒரு பெரிய நாடு மட்டும் முடியாது என்றது. வேறொரு நிறுவனம் முந்திக்கொண்டு உரிமையை வாங்கியிருந்தது. எங்கள் முதலாளிக்கு அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. "பேர்ல ரெண்டு எழுத்த மாத்து, சட்டையில கோட்ட மாத்து, யார் கேக்கப் போறா?" என்றார். பிலோ அசையவில்லை. "பாஸ், கேட்டா அவங்க இல்லைன்னாவது சொல்லலாம். கேக்காம எடுத்தா அவங்களால எதுவுமே சொல்ல முடியாதுலா" என்றாள். அவள் வாயிலிருந்து நான் அடிக்கடி கேட்ட வாக்கியம் இதுதான்.

ஆகவே அந்த அணிக்கு நாடு இல்லாமல் போயிற்று. சின்னமில்லாத வெளிர்நீலச் சட்டை. பெயர்களையும் நாங்களே வைக்க வேண்டும். கற்பனைப் பெயர்கள் போதும் என்றேன் நான். பிலோ கேட்கவில்லை. ஊர்க்காரர்களைப் போடுவோம் என்றாள். அதோடு விட்டாளா? ஃபிஜியிடம் நீட்டிய அதே மாதிரி ஒப்பந்தத் தாளைத் தட்டெழுதி எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். ரொட்டி சானாய் போடும் மைதீன் பாய் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். "நான் ஓடுவனாம்மா? இந்தத் தொந்திய வச்சுக்கிட்டா?" என்று அவர் கேட்க, "நடுவுல நின்னு இடிங்க பாய், அதுக்குத்தான் உங்களைக் கேக்குறேன்" என்றாள். ஃபெரியில் கயிறு இழுப்பவர், கோப்பிக்கடை ஆ செங், பூக்கடை முத்துசாமி என்று அணி வளர்ந்தது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. வேலை நெருக்கடியில் இவளுக்கு இது தேவையா என்று கத்தியும் பார்த்தேன். "ஒரு நாட்டுக்கிட்ட கேக்குற மரியாதை ஒரு மனுசனுக்கு இல்லையா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டாள்.

பதினான்காம் எண் மட்டும் நிரம்பவில்லை. ஓரத்தில் நின்று, பந்து கிடைத்ததும் பறக்க வேண்டியவன் அவன். அந்த இடத்தை அவள் தன் அண்ணன் சேவியருக்கு வைத்திருந்தாள். அவர் ஒரு காலத்தில் நிஜமாகவே அந்த இடத்தில் ஆடியவர். தேசிய அணிப் பயிற்சிக்கு அழைப்பு வந்திருந்த சமயம், இங்கே பாடாங் திடலில் ஒரு ஆட்டத்தில் முழங்கால் போயிற்று. அதற்குப் பின் வீட்டில் தொலைக்காட்சியில் ரக்பி வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். "அவர ஒரு தடவையாவது ஓட வைக்கணும் வசந்தி" என்று என்னிடம் சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் அவரிடம் கேட்டபோது, "வேணாம் பிலோ" என்றுவிட்டார்.

"நான் போட்டுர்றேன், அவருக்குத் தெரியவா போகுது?" என்றேன். "எனக்குத் தெரியும்ல" என்றாள். வேறு பெயரும் போட விடவில்லை. பெயர் ஏறாததால் அந்த ஆளுக்கு வேகமும் ஏறவில்லை. பந்து எறிந்தால் பிடிப்பான், பிடித்தபடி நிற்பான். ஆட்டம் கடைக்குப் போக வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, முதலாளி தினமும் மாடிக்கு வந்து சத்தம் போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் வேலையில் இருந்தோம். சேவியர் அண்ணன் தங்கைக்குச் சோறு எடுத்துக்கொண்டு ஃபெரியில் வந்து, ஒரு காலை இழுத்தபடி மாடி ஏறினார். ஜன்னல் வழியே கடல் வெளிச்சம் திரைமேல் அலைந்துகொண்டிருந்தது. அதற்குள் ஊரே ஆடிக்கொண்டிருந்தது. மைதீன் பாய் இரண்டு பேரை இடித்துத் தள்ளினார், ஆ செங் பந்தை எடுத்துப் பூக்கடை முத்துசாமிக்குத் தர, அவர் ஓரத்துக்கு எறிந்தார். பதினான்காம் எண் பிடித்தான். முன்னால் புல்வெளி அத்தனையும் காலி. அவன் நின்றான்.

"ஏன் நிக்கிறான்? ஓடச் சொல்லு!" அண்ணன் சத்தமே போட்டுவிட்டார். தூக்குச்சட்டி கையில் ஆடியது.

"அனுமதி இல்லண்ணே" என்றாள் பிலோ. குரலில் குத்தலே இல்லை, உள்ளதைப் பரிதாபமாகச் சொன்னாள்.

அவர் தூக்குச்சட்டியை மேசைமேல் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "முழங்காலுக்கு எவ்வளவு மார்க் போடுவீங்க?" என்று கேட்டார். "எங்க ஆட்டத்துல வேகம், பலம், உதை மூணுதாண்ணே. முழங்காலுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது" என்றேன்.

"கிடையாதா?" என்றார். அந்த ஊருக்குக் குடிபோகலாமா என்று யோசிப்பவர்போல நின்றார். "அப்ப சரிலா. தாளக் கொடு."

நான் பெயரை ஏற்றினேன், வேகத்தை ஏற்றினேன். சேவியர் ஓடினார். வெளிர்நீலச் சட்டையில், எந்த நாட்டுக்காகவும் இல்லாமல், பச்சைப் புல்லின் ஓரமாகவே யார் கைக்கும் சிக்காமல் கோடு வரை ஓடினார். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிலோ கைதட்டவில்லை. முகத்தை மூடிக்கொண்டு விசும்பினாள். அன்று மூன்று பேரும் ஒரே தூக்குச்சட்டியிலிருந்து சாப்பிட்டோம்.

அதற்குப் பின் ஒரே ஒரு இடம்தான் பாக்கி. யாருக்காவது அடிபட்டால் உள்ளே வரும் பதினாறாம் எண். "உன் பேரப் போடவா?" என்று பிலோவிடம் கேட்டேன். "பொம்பளையப் போயி ரக்பிலயா? யோசிச்சுச் சொல்றேன்லா" என்று சிரித்தாள். எப்போது கேட்டாலும் அதே பதில். அந்த இடம் காலியாகவே ஆட்டம் கடைக்குப் போனது. கொஞ்சம் விற்றது, பிறகு கடைகளில் காணவில்லை. நிறுவனமும் மூடியது. எங்கள் சிநேகம் மட்டும் மூடவில்லை.

அடக்கம் முடிந்த அன்று சேவியர் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்ப போட்டுடும்மா, அந்தப் பதினாறுல. இனிமே யாரு வேணாம்னு சொல்லப் போறா?"

வீட்டுக்கு வந்து பழைய கணினியைப் போட்டு ஆட்டத்தைத் திறந்தேன். பதினாறுக்கு நேரே சின்னக் கோடு ஒன்று விட்டு விட்டு மினுங்கியது. அவள் பெயரை அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? விரலை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். வேணாம்னு சொல்ல ஆள் இல்லாத நேரம் பார்த்து எடுத்துக்கொள்வதா? பிலோவிடமா?

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் காலி இடம்தான். அண்ணன் இன்னும் ஓரமாக ஓடிக்கொண்டிருக்கிறார். பதினாறில் யாரும் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றவள் இன்னும் சொல்லவில்லை.