மூக்கில்லாத தோட்டா

என் வீட்டுக்காரர் செல்வராஜ் இரண்டு வருடமாக யாராவது சாக வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தார். கேட்பவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். எனக்குப் பழகிவிட்டது. காலையில் காபியோடு பேப்பரை விரிப்பார். யாரோ ஒரு பெரிய மனிதர் ஆஸ்பத்திரியில் கவலைக்கிடம் என்று போட்டிருந்தால் முகம் மலரும். மறுநாள் அவர் தேறி வீடு திரும்பிவிட்டார் என்று வந்தால், காபி ஆறிப்போச்சு என்று என் மேல் எரிந்து விழுவார்.

இவர் உத்தியோகம் அப்படி. கல்கத்தாவில் ஒரு காவல் படையில் ஹவில்தார். அரசு மரியாதையோடு யாரையாவது வழியனுப்பினால் வானத்தைப் பார்த்து மூன்று முறை சுடுகிறார்களே, அந்தக் குழுவுக்கு இவர்தான் பொறுப்பு. துப்பாக்கிகள் எல்லாம் இவர் அப்பா கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் வேலைக்குச் சேர்வதற்கு முந்திய காலத்தவை. த்ரீ நாட் த்ரீ என்பார்கள்.

அந்தப் படையில் தமிழ் பேசுகிறவர்கள் இரண்டே பேர், இவரும் முகமது ரபீக்கும். ரபீக்கின் பூர்வீகம் கீழக்கரை, பிறந்து வளர்ந்தது கித்திர்பூர். இவரை அண்ணே என்பான், என்னை அண்ணி என்பான். தமிழில் பேசுவது வீட்டில் பாதி, இவரோடு பாதி. மற்ற நேரமெல்லாம் வங்காளம்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு பெரிய மனிதரின் சவ அடக்கம். மந்திரி வந்திருந்தார், டிவிக்காரர்கள் வந்திருந்தார்கள். முதல் வேட்டு எப்படியோ வெடித்தது. இரண்டாவதில் பாதிப் பேர் துப்பாக்கித் தாழான போல்ட்டை முன்னுக்குத் தள்ள முடியாமல் மல்லுக்கட்டினார்கள். மீதிப் பேரில் சிலருக்கு போல்ட் தோட்டாவின் மேலேயே வழுக்கிப் போய் மூடிக்கொண்டது. வேட்டு வெடிக்க வேண்டிய இடத்தில் 'கிளிக், கிளிக்' என்று சத்தம். மூன்றாவதும் அதே கதை. ஊரே போனில் பார்த்துச் சிரித்தது. கரியாஹாட்டில் நான் இட்லி மாவும் பொடியும் விற்கிற கடைக்கு எதிரே உட்காரும் காய்கறிக்காரர் அன்றிலிருந்து, "பௌதி, நம்ம கிளிக்-தா நல்லா இருக்காரா?" என்றுதான் விசாரிப்பார். வங்காளத்தில் பௌதி என்றால் அண்ணி; தாதா, சுருக்கமாகத் தா, என்றால் அண்ணன். பக்கத்து வீட்டு நந்திதா மட்டும் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காமல் இருந்தது எனக்கு அதைவிடக் கோபமாக இருந்தது.

என்ன நடந்தது என்பது எனக்கு இப்போது மனப்பாடம். மரியாதைக்குச் சுடுவது வெற்றுத் தோட்டா. அதில் மருந்து உண்டு, முன்னால் குண்டு கிடையாது. வாயை மடித்து மொட்டையாக விட்டிருப்பார்கள். தோட்டாக்களை அடுக்கி வைக்கிற மேகசினிலிருந்து மேலே ஏறும்போது நிஜத் தோட்டாவின் கூர்மூக்கு வழுக்கிக்கொண்டு குழாய்க்குள் போய்விடும். மொட்டைத் தோட்டா குழாயின் வாயில் முட்டி நின்றுவிடும். ரபீக் முன்கூட்டியே இதைச் சொன்னான். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் சொன்னான்.

"அண்ணே, இதுக்கு மூக்கு கெடையாதுண்ணே. மேகசின்ல போட்டா மக்கர் பண்ணும். ஒவ்வொண்ணா கையால குழாய்க்குள்ள வெச்சுத் தள்ளுவோம்."

"மந்திரி முன்னாடி பையில கையை விட்டுத் துழாவிக்கிட்டு நிப்பியா? பாக்க நல்லாவா இருக்கும்? நிரப்பிட்டு வந்தோமா, போல்ட்டை இழுத்தோமா, சுட்டோமான்னு இருக்கணும்டா!"

மிடுக்கு. இவருக்கு எப்போதும் மிடுக்குதான் முக்கியம். சட்டைக் கஞ்சிக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

விசாரணை வந்தது. மேகசின்களை நிரப்பியது ரபீக். அதில் ஒரு சங்கதி இருக்கிறது. இந்தத் தோட்டாவின் அடியில் ஆணித் தலை மாதிரி ஒரு விளிம்பு. மேலே வைக்கிற தோட்டாவின் விளிம்பு, கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் போய்விட்டால் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். ரபீக் விளிம்பை மாற்றி அடுக்கிவிட்டான் என்று இவர் அதிகாரியிடம் சொல்லிவிட்டு வந்தார். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார். நம்பாமல் இருந்தால் தப்பு தன்மேல் வருமே.

ரபீக்கைக் குழுவிலிருந்து தூக்கி, கூட்டம் சமாளிக்கிற வேலைக்குப் போட்டார்கள். அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எங்கள் வீட்டுக்கு வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டான். ஈத் பிரியாணி நின்றது, நான் அனுப்பும் பொங்கலும் நின்றது.

அப்புறம் ஆரம்பித்தது என் தலைவேதனை. என் மசாலா டப்பாவிலிருந்து கிராம்பை எடுத்து மேசையில் அடுக்குவார். கிராம்புக்குத்தான் தலை இருக்கிறதே, அதுதான் விளிம்பாம். ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, "இப்படி வெச்சா எப்படி மாட்டும்? சொல்லு, எப்படி மாட்டும்?" என்று என்னைக் கேட்பார். குருமா அடுப்பில் தீயும். "ரபீக்கைக் கூப்பிட்டுக் கேளுங்களேன்" என்பேன். கிராம்பைக் கலைத்துவிட்டு எழுந்து போவார்.

பரீட்சை செய்து பார்க்கவும் வழியில்லை. ஒத்திகைக்கு வெற்றுத் தோட்டா தர மாட்டார்கள், வெறும் துப்பாக்கியோடுதான் ஒத்திகை. நிஜமாகவே யாராவது செத்தால்தான் தோட்டா கைக்கு வரும். அடுத்த பொங்கலோடு இவருக்கு ஓய்வு. அதற்குள் ஒரு சாவு விழ வேண்டும், மேகசினிலிருந்தே மூன்று வேட்டும் சுத்தமாக வெடிக்க வேண்டும், தான் சொன்னதுதான் சரி என்று ஊர் பார்க்க வேண்டும். இந்த மனுஷனோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு எரிச்சல் என்று யாரிடம் சொல்லி அழுவது?

சாவு விழுந்தது. துர்கா பூஜை அஷ்டமியன்று, கரியாஹாட் கூட்டத்தில் கயிறு பிடித்து நின்ற ரபீக் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். என் கடையிலிருந்து கூப்பிடு தூரம். ஜனங்கள் ஒதுங்குவதைப் பார்த்தேன், யாரோ மயங்கிவிட்டார் என்று நினைத்து மாவு அளந்துகொண்டிருந்தேன். பணியில் இருக்கும்போது போனதால் அரசு மரியாதை. சுடுவதற்குப் பொறுப்பு இவர்.

சேதி வந்ததும் இவர் பேப்பரை மடித்தபடி உட்கார்ந்திருந்தார். கிராம்பு டப்பாவைத் தொடவில்லை. அழவும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில், "கேட்டீங்களே, கெடச்சுருச்சா?" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

அலிப்பூரில் மைதானத்தில் உடலை வைத்திருந்தார்கள். ரபீக்கின் மனைவி ஷாஹினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

"அண்ணி, இன்னிக்காவது சத்தம் வருமா? இவருக்கும் கிளிக்குன்னு ஆயிறக் கூடாது அண்ணி. பிள்ளைங்க பாக்குது."

இரண்டு வருடமாகக் கிராம்பு அடுக்கியவர், இன்றைக்கும் மேகசினை நிரப்பிக்கொண்டு வந்திருந்தால் நான் என்ன செய்ய முடியும்?

இவர் வரிசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். உத்தரவு கொடுத்தார். எல்லோரும் போல்ட்டைத் திறந்தார்கள். பிறகு ஒவ்வொருவரும் சட்டைப் பைக்குள் கையை விட்டார்கள். ஒரே ஒரு தோட்டாவை எடுத்து, குனிந்து பார்த்து, குழாய்க்குள் வைத்து, கட்டை விரலால் தள்ளினார்கள். ஒருவனுக்குத் தோட்டா நழுவிக் கீழே விழுந்தது, எடுத்துத் துடைத்து வைத்தான். பார்க்கச் சகிக்கவில்லை. நாற்காலியில் இருந்த அதிகாரி முகத்தைச் சுளித்தார். இவர் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

வேட்டு ஒரே சத்தமாக வெடித்தது. காக்கைகள் எழுந்தன. மறுபடி பைக்குள் கை, மறுபடி குனிந்து, மறுபடி வேட்டு. மூன்றாவதும் அப்படியே. ஷாஹினாவின் விரல்கள் என் கையில் பதிந்திருந்தன, மூன்றாவதுக்கு அப்புறம்தான் தளர்ந்தன.

மறுநாள் இவர் அதிகாரியிடம் போய், இரண்டு வருடத்துக்கு முன்பு நடந்த தப்பு தன்னுடையதுதான், ரபீக் சரியாகத்தான் அடுக்கினான் என்று சொல்லியிருக்கிறார். "அதெல்லாம் முடிஞ்சு போன விஷயம் தாதா, இப்ப எதுக்கு?" என்று அவர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். தொலைக்காட்சியில் இந்தத் தடவை ஒரு விநாடிகூடக் காட்டவில்லை. வெடிக்கிற துப்பாக்கியை யார் காட்டுவார்கள்? காய்கறிக்காரருக்கு இவர் இன்றைக்கும் கிளிக்-தாதான்.

சாயங்காலம் கித்திர்பூரில் ரபீக் வீட்டுக்குப் போனோம். ஷாஹினா முன்னால் இவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "அவன் சொன்னதுதாம்மா சரி. கையாலதான் போட்டிருக்கணும். நான்தான்..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் விம்மினார்.

"அவருக்குத் தெரியும்ணே," என்றாள் ஷாஹினா. "ஈத் அன்னிக்கெல்லாம் ஒரு டப்பா பிரியாணி தனியா எடுத்து வைப்பாரு. அண்ணன் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், குடுத்துருவோம்பாரு. ராத்திரி வரைக்கும் பாத்துட்டு நாங்களே சாப்பிட்டுருவோம்."

பஸ்ஸில் திரும்பினோம். கித்திர்பூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு அந்த ஒரே பஸ்தான், இடையில் மாறக்கூட வேண்டாம். இந்த இரண்டு வருடமும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.