மூன்று பேருக்கும் ஒரே பட்டியல்

உப்பளம் பகுதியில் ஓர் அச்சகத்தின் மாடியில் எங்களுக்கு ஒரு அறை இருந்தது. இரத்தம் கொடுக்க முன்வந்தவர்களின் பட்டியலை அங்கே வைத்திருந்தோம். இரத்தம் எடுப்பதெல்லாம் மருத்துவமனைகளில்தான். அங்கிருந்து போன் வந்தால், அந்த வகை இரத்தம் உள்ளவர்களைத் தேடிக் கூப்பிட்டு அனுப்புவது எங்கள் வேலை. சம்பளம் கிடையாது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள் அவை. நான் கணினிப் பட்டயம் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன்.

என்னோடு இன்னும் இருவர் இருந்தார்கள். ஒருவர் நெல்லித்தோப்பில் தையல் கடை வைத்திருந்த அக்கா. யாரையும் போனிலேயே சம்மதிக்க வைத்துவிடுவார். இன்னொருவர் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். அக்கா அவரை, பிரெஞ்சில் ஐயா என்று சொல்வதுபோல, முசியே என்றுதான் கூப்பிடுவார்.

யாரோ மூன்று பழைய கம்ப்யூட்டர்களைக் கொடுத்தார்கள். கேபிள் இழுத்து அவற்றை இணைத்து, பட்டியலை ஒன்றில் வைத்தேன். கோப்பை எப்படித் திறப்பது என்பதற்கு அந்த மென்பொருளில் சில வழிகள் இருந்தன. நான் எக்ஸ்க்ளூசிவ் என்ற வழியைத் தேர்ந்தெடுத்தேன். ஒருவர் திறந்தால் மற்றவர்களுக்குத் திறக்காது. கல்லூரியில் இரண்டு பேர் ஒரே கோப்பில் கைவைத்துக் கெடுத்ததைப் பார்த்த பயம் எனக்கு.

இரண்டாம் நாளே அக்கா கேட்டார்: "மூணு பொட்டி எதுக்கும்மா? ஒருத்தர் வேல செய்ய, ரெண்டு பேர் வேடிக்க பாக்கவா?"

அவர் கேட்டது நியாயம்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் திறக்கும்படி ஷேர்டு என்று மாற்றினேன். ஒரே பதிவில் இருவர் கைவைக்காமல் தடுக்கும் பூட்டு எதுவும் போடவில்லை. போட்டால் வேகம் குறையும் என்று எனக்கு ஒரு எண்ணம். மூன்று போன்களும் ஒன்றாகப் பேசத் தொடங்கின. எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

ஒரு மாதம் போயிருக்கும். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் லேத்து ஓட்டுபவர் ஒருவர் மாடிப்படி ஏறி வந்தார். சட்டையில் கிரீஸ் கறை. ஒரு அம்மாவுக்கு இரத்தம் வேண்டும் என்று அக்கா கூப்பிட்டதால் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். அங்கே நர்ஸ் விசாரித்தபோது, மூன்று வாரத்துக்கு முன்புதான் கொடுத்தேன் என்று சொல்லியிருக்கிறார். மூன்று மாத இடைவெளி வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"போன்லயே சொல்லியிருக்கலாமே அண்ணா?" என்றேன்.

"நீங்களே திரும்பக் கூப்புடுறீங்கன்னா, ஆளே கெடைக்கலன்னு நெனைச்சேன். அர நாள் லீவு போட்டுட்டு வந்துட்டேன்." தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்: "அந்த அம்மாவுக்கு வேற ஆள் கெடைச்சுதா?"

அவர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு. அக்கா உடனே போனை எடுத்து வேறு ஒருவரை ஏற்பாடு செய்தார். அதற்குப் பிறகுதான் அந்த லேத்துக்காரர் கிளம்பினார்.

என்ன நடந்தது என்று உட்கார்ந்து விசாரித்தோம். அவர் இரத்தம் கொடுத்த அன்று பெரியவர் அவருடைய பதிவைத் திறந்து தேதியைக் குறித்துச் சேமித்திருக்கிறார். அதே நிமிடம் அக்காவும் அதே பதிவைத் திறந்து வைத்து, அவருடைய புதிய போன் எண்ணை அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அக்கா சேமிக்கும்போது கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டிருக்கிறது. அவர் முதல் பொத்தானை அழுத்தியிருக்கிறார். புதிய எண் ஏறிவிட்டது. ஆனால் அக்கா திரையில் தேதி இல்லாமல் இருந்த பதிவு அப்படியே மேலே பதிந்ததால், பெரியவர் போட்ட தேதி போய்விட்டது.

அக்காவின் கண் கலங்கியது. "நான்தான் எதையோ அமுக்கிட்டேன்."

"உங்க மேல தப்பில்லக்கா. அந்தக் கேள்வியே உங்ககிட்ட வந்திருக்கக் கூடாது. நான்தான் சரியா வைக்கல."

முழுக்க மூடினாலும் தப்பு, முழுக்கத் திறந்துவிட்டாலும் தப்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருந்தது. நான்தான் அதைச் சட்டை செய்யாமல் விட்டிருந்தேன். ஒருவர் ஒரு பதிவைத் திருத்தத் தொடங்கினால் அந்தப் பதிவு மட்டும் பூட்டிக்கொள்ளும். மற்றவர்கள் அதைப் படிக்கலாம், தொட முடியாது. மீதிப் பட்டியல் முழுவதும் எல்லோருக்கும் திறந்தே இருக்கும். அன்று மதியமே அப்படி மாற்றினேன். அந்த ஒரு மாதத்தில் கொடுத்தவர்களையெல்லாம் கூப்பிட்டுத் தேதிகளைச் சரிபார்த்ததில், இன்னும் இரண்டு பேருடைய தேதி காணாமல் போயிருந்தது தெரிந்தது.

பூட்டிய பதிவின் ஓரத்தில், வட்டத்துக்குள் கோடு போட்ட ஒரு சின்னக் குறி வரும். அதைப் பார்த்ததும் பெரியவர் சிரித்தார். "ஆந்தெர்தி!" பிரெஞ்சில் தடை என்று அர்த்தம். எங்கள் அறையில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஒரே ஒரு சிக்கல், பெரியவர் பாதி அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்; அந்தப் பதிவு பூட்டியே கிடக்கும். அக்கா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துச் சத்தம் போடுவார்: "முசியே, மேல வந்து உங்க ஆந்தெர்திய எடுத்துட்டுப் போங்க!"

மழைக்காலம் முடிந்த ஒரு காலை, பிரசவத்தில் ஒரு பெண்ணுக்கு ஓ நெகட்டிவ் தேவை என்று மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். எங்கள் பட்டியலில் அந்த வகை உள்ளவர்கள் வெகு சிலரே. மூவரும் ஆளுக்கொரு பதிவைத் திறந்து, ஆளுக்கொரு போனில் பேசினோம். ஆந்தெர்தி விழுந்த பதிவை மற்றவர் விட்டுவிட்டதால், ஒருவர் கூப்பிட்டவரை இன்னொருவர் கூப்பிடவில்லை. யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. இரண்டு பேர் ஊரில் இல்லை. மூன்று பேர் வருகிறேன் என்றார்கள்.

மதியத்துக்குள் அந்தப் பெண்ணின் கணவர் கூப்பிட்டார். அக்காதான் எடுத்தார். "பொண்ணா? ரெண்டு பேரும் நல்லாருக்காங்களா? போதும்பா, போதும்."

சற்று நேரத்தில், இரத்தம் கொடுத்த மூவரில் ஒருவரான பள்ளி ஆசிரியை மாடிக்கு வந்தார். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"சனிக்கெழமைல எனக்கு ஸ்கூல் இல்ல. நானும் வந்து போன் பேசட்டுமா?"

பெரியவர் எழுந்து அவருக்கு நாற்காலியை நகர்த்தினார். அக்கா என்னைப் பார்த்தார். "நாலாவதா ஒரு பொட்டி போட முடியுமாம்மா?"

"போடலாம்க்கா" என்று சொல்லிவிட்டு, சுவரோரமாக எத்தனை அடி கேபிள் தேவைப்படும் என்று அளக்கத் தொடங்கினேன்.