அவளுடைய முழங்கால், என்னுடைய முழங்கால்

இத்தாலியின் தெற்கே, பலேர்மோவில் பனி விழுவதில்லை. தை மாதத்திலும் கொடியில் போட்ட துணி மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். ஆனால் நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோரா, தொலைக்காட்சியில் பனிச்சறுக்குப் போட்டி தொடங்கியதும் "யன்னலைச் சாத்து, குளிருது" என்று கம்பளி கேட்பார். சாத்திவிட்டு, வேர்க்க வேர்க்க முழங்காலில் நின்று தரையைத் துடைத்தபடி நானும் பார்ப்பேன். எங்கள் நாட்டில் இருப்பவர்களுக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது? காலில் இரண்டு நீளப் பலகையைப் பூட்டிக்கொண்டு, மலையுச்சியிலிருந்து கம்புகளுக்கு ஊடாக வளைந்து வளைந்து வழுக்கி இறங்குவார்கள். எல்லாமாக ஒரு நிமிடமும் கொஞ்சமும். கெதியாய் வந்தது யாரென்று நொடியை நூறாகப் பிரித்து அளப்பார்கள்.

அதில் ஒருத்தி அதெலே. சிஞ்ஞோராவின் தங்கச்சி மகள். எங்கள் முறையில் பெறாமகள். தங்கச்சி வடக்கே மலை ஊரில் வாழ்க்கைப்பட்டவர். மூன்று வயதிலேயே பிள்ளையைப் பலகையில் ஏற்றிவிட்டார்களாம். பதினாறில் தேசிய அணி, பத்தொன்பதில் முதல் வெற்றி, பிறகு குளிர்காலம் தவறாமல் பதக்கம். ஒவ்வொரு வெற்றிக்கும் வரவேற்பறையில் ஒரு படம் கூடும். அத்தனைக்கும் தூசி தட்டுவது நான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வயிறு எரியும். ஒஸ்திரியா, சுவிஸ், பிரான்ஸ் என்று வாரத்துக்கொரு நாடு. எல்லையில் ஒருவரும் அவளை இறக்கிக் கேள்வி கேட்டதில்லை. நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள், பதக்கத்துக்கு ஆசைப்படவில்லை. என்னைத் தின்றது அவள் இறங்கிய மலை.

ஏனென்றால் நானும் அப்படியொரு மலையால் இறங்கித்தான் இந்த நாட்டுக்குள் வந்தேன். காசு வாங்கிக் களவாய் எல்லை கடத்துகிற ஏஜென்சிக்காரன் எங்கள் ஒன்பது பேரையும் உச்சியில் விட்டுவிட்டுத் திரும்பிவிட்டான். விடிகிற நேரம். காலில் கன்வஸ் சப்பாத்து, அதற்குமேல் பொலித்தீன் பை. இரண்டாம் அடியிலேயே வழுக்கி, மூட்டை மாதிரி உருண்டு, ஒரு மரத்தில் போய் மோதினேன். வலது முழங்காலில் ஏதோ அறுந்தது. கத்தினால் பிடிபடுவோம் என்று கையைக் கடித்துக்கொண்டேன். அதெலே கீழே வந்து சேரும்போது ஆயிரம் பேர் கையில் மணி ஆட்டி வரவேற்கிறார்கள்; நான் வந்து சேர்ந்தபோது பற்றைக்குள் ஒளித்தேன். அந்த முழங்கால் இன்றும் வீங்கும். சிஞ்ஞோராவிடம் மூச்சு விட்டதில்லை. முழங்கால் ஏலாதவளை எவர் வைத்திருப்பார்? வேலை போனால் பெர்மெஸ்ஸோவை, இங்கே தங்கும் அனுமதியை, எதைக் காட்டிப் புதுப்பிப்பது?

இருபத்துநாலு வயதில் அதெலே போட்டியில் விழுந்தாள். வலது முழங்கால். பேப்பரில் முழங்காலின் உள்பக்கத்தைப் படம் கீறிப் போட்டார்கள். சிஞ்ஞோரா வியா மக்வேதா கடைத்தெருவில் விரல் நீளத் தகட்டு வெள்ளிக் காலொன்று வாங்கி வந்து என் கையில் வைத்தார். "நீங்கள் தமிழர் ஞாயிறுதோறும் வெறுங்காலோடு புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கு ஏறுறனீங்கள்தானே. அதெலேக்காக ஒருக்கா ஏறு."

ஏலாதென்றால் ஏனென்று கேட்பாரே. ஏறினேன். பாதி வழியில் நான் குந்திவிட, என் மனுசன் சிரித்தார்.

"ஆரின்ரை காலுக்கு நேர்த்தி, ஆரின்ரை கால் ஏறுது?"

"சும்மா வாங்கோ."

"இல்லை, கேக்கிறன். புனிதைக்கும் குழப்பமாயிருக்குமெல்லே."

எங்கள் பழக்கத்தில் நேர்த்திப் பொருளை வைக்கும்போது யாருக்கென்று பெயர் சொல்லவேண்டும். மலைமேல் புனிதையின் குகைக் கோயிலுக்குள் வெள்ளிக் காலை வைத்து நான் என் பெயரைச் சொன்னேன்.

அதற்குப் பிறகு நிம்மதி போய்விட்டது. அடுத்த வருடம் அதெலே திரும்பவும் போட்டியில் இறங்கினாள். விழுந்தால் என்னுடைய பாவம். வென்றால் வயிறு எரியும். இரண்டு முறை வென்றாள். மூன்றாம் குளிர்காலத்தில் அதே முழங்கால் மறுபடி அறுந்தது. இருபத்தேழு வயதில் போட்டியை விட்டாள்.

அந்த வசந்தத்தில் பெரியம்மாவைப் பார்க்க வந்தாள். படத்தில் இருந்ததைவிடச் சின்னவள். நான் குசினித் தரையிலிருந்து மேசையைப் பிடித்து எழும்பியதைக் கண்டு, கேட்காமலே குனிந்து என் முழங்காலை அமத்தினாள்.

"எங்கை விழுந்தனி?"

"பனியிலை."

"பனிச்சறுக்குத் தெரியுமோ?"

"சீ," என்றேன். எங்களுக்கு அது மறுப்பு, இத்தாலிக்காரருக்கு அது ஓம். அவள் நம்பிவிட்டாள். பெருமையாக இருந்தது, உடனே பயமும் வந்தது. பயத்தில் மலையால் இறங்கி வந்த கதை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், வெள்ளிக் காலையும் சேர்த்து.

"பலிச்சுதோ?" என்று கேட்டாள்.

"இல்லை."

"அப்ப எனக்கும் பலிச்சிராது. நானும் ரெண்டு வருசம் நோவை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொன்னால் அணியிலை வைக்கமாட்டினம்."

மறுநாள் சிஞ்ஞோரா நீளப் பிடி வைத்த துடைப்பம் வாங்கி வந்தார். "இனி முழங்காலிலை நிக்காதை. ஏன் எனக்குச் சொல்லேல்லை?" வேலை போகவில்லை. ஆனால் என் முழங்காலைப் பற்றி நான் ஏழு வருடம் சொல்லத் துணியாததை அதெலே சிஞ்ஞோராவிடம் காலைக் கோப்பி குடிக்கிற நேரத்துக்குள் சொல்லி முடித்திருந்தாள். அதுவும் எரிந்தது.

புறப்படும் நாள் சாப்பாட்டு மேசையில் ஒரு துணியைக் குவித்து மலையாக்கினாள். ஒரு சரிவில் விரலை வைத்து, "இது என்ரை பக்கம், நான் பழகின இடம்," என்றாள். விரல் வளைந்து வளைந்து இறங்கியது. "உன்ரை பக்கம் எது?"

நான் உச்சியில் விரலை வைத்தேன். அன்றைக்கு அங்கே எல்லைக் கோடும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை; எந்த அடியோடு ஒரு நாடு முடிந்து மற்றது தொடங்கியதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் என் விரலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அது எந்தப் பக்கமும் இறங்கவில்லை.