மூன்று முறை ஹாரன்

எங்கள் அண்ணன் தேசியப் பூங்காவில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். நான் அதே பூங்காவின் வாசலில் டிக்கெட் கொடுக்கிறவள். உள்ளே போகிற எல்லோரும் என் முகத்தில் விழித்துவிட்டுத்தான் போக வேண்டும். "மிருகம் கண்டிப்பா தெரியுமாங்க? தெரியலன்னா காசு திருப்பிக் குடுப்பீங்களா?" என்பார்கள். "சொல்லி வெச்சிருக்கேன், குளிச்சு ரெடியாகி வந்து நிக்கும்" என்று சொல்ல நாக்கு துடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு சில்லறையைக் கொடுப்பேன்.

குளிக்க என்ன, குடிக்கவே தண்ணீர் கிடையாது. மழை பொய்த்து மூன்றாவது வருடம். குட்டைகளெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. காட்டுக்குள் கட்டியிருந்த சிமெண்ட் தொட்டிகளுக்கு அண்ணன்தான் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவார். கடைசித் தொட்டிக்கு முன்னால் ஒரு வளைவு. ஒருமுறை அங்கே சத்தமில்லாமல் திரும்பியபோது காட்டெருமைகள் மிரண்டு ஓடி, ஒரு கன்று பள்ளத்தில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டது. அதிலிருந்து வளைவுக்கு முன்பே மூன்று முறை ஹாரன் அடித்துவிட்டுத்தான் போவார். ஒதுங்கி நிற்கட்டும் என்றுதான் அடித்தார். அவையோ ஹாரன் கேட்டால் தண்ணீர் வரும் என்று பழகிவிட்டன. புதருக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வரும். முதலில் வருவது ஒரு கொம்பு முறிந்த தாய் எருமை. ஒத்தைக்கொம்பி என்று அண்ணன் பேர் வைத்திருந்தார். அதன் தொடையில் உரசிக்கொண்டே அதன் கன்றும் வரும்.

"வீட்ல நான் கூப்ட்டா திரும்பிப் பாக்காத மனுஷன், அங்க போய் எருமைக்கு ஹாரன் அடிச்சுட்டு நிக்கறார்" என்பாள் அண்ணி. லாரிக்கு அவள் வைத்த பெயர் சக்களத்தி.

பூங்கா தன் செலவைத் தானே சம்பாதித்துக்கொள்ள வேண்டும் என்று மேலிடத்தில் யாரோ முடிவு செய்தார்கள். காடு எங்கே போய் சம்பாதிக்கும்? காவலர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மற்ற லாரிகளை விற்றார்கள், ஓட்டியவர்களும் போனார்கள். மிஞ்சியது ஒரு லாரி, ஒரு அண்ணன். காட்டின் ஓரத்தில் நீச்சல் குளத்தோடு ஒரு விடுதி வந்தது. தண்ணீர் முதலில் விடுதிக்கு, மிச்சமிருந்தால் தொட்டிக்கு என்று உத்தரவு போட்டார்கள். நீச்சல் குளத்துக்கு ஊற்றிய பிறகு என்ன மிஞ்சும்? அண்ணன் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் எழுந்து போக ஆரம்பித்தார்.

விடுதிச் சாலையிலும் ஒரு வளைவு உண்டு. எதிரே வருகிறவர்கள் கண்மண் தெரியாமல் வருவார்கள் என்பதால் ஹாரன் அடித்தே ஆக வேண்டும். அடித்தார். ஒரு நாள் விடுதி வேலிக்கு வெளியே ஒத்தைக்கொம்பி கன்றோடு வந்து நின்றது. தங்கியிருந்தவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஆளுக்கொரு போன் எடுத்து ஓடினார்கள். மறு வாரம் என் ஜன்னலில் டிக்கெட் வாங்கியவர்கள் எல்லோரும் அந்த எருமை எங்கே நிற்கும் என்றுதான் கேட்டார்கள்.

அண்ணன் அதிகாரியிடம் போய் நின்றார்.

"சார், தொட்டில தண்ணி விட்டா அதுங்க இங்க வராது. தினம் ஒரு நடை குடுங்க, போதும். யாருக்காவது அடிபடறதுக்குள்ள குடுங்க."

"எனக்குத் தெரியாதாப்பா? மேல கேட்டிருக்கேன்" என்றார் அதிகாரி. நல்ல மனிதர். அதுதான் கஷ்டமே. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வரலாம்.

மேலே கேட்டது மேலேயே இருந்தது. விடுதியில் தங்கியிருந்த ஒருவர் கன்றின் கழுத்தில் கை போட்டுப் படம் எடுக்கப் போனார். தாய் சும்மா இருக்குமா? தூக்கி எறிந்தது. உயிர் பிழைத்தார், தொடை எலும்பு இரண்டாகப் போயிற்று. மறுநாள் எல்லாப் பேப்பரிலும் எருமைதான். பூங்காவை மூடினார்கள். தண்ணீருக்கு இத்தனை நாள் வாயே திறக்காத மேலிடத்திலிருந்து இப்போது உடனே உத்தரவு வந்தது. அந்த எருமையைச் சுட வேண்டும்.

துப்பாக்கிக்காரர்கள் காட்டைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். அது கண்ணிலேயே படவில்லை. அப்போதுதான் யாரோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் லாரி ஹாரனைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நாளைக் காலையில் லாரியோடு வா, ஹாரனை அடி, வந்ததும் மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அண்ணனிடம் சொன்னார்கள்.

அன்று மத்தியானம் மூடிய என் ஜன்னலுக்கு வெளியே வந்து உட்கார்ந்தார்.

"நான் மாட்டேன்னு சொல்லிடப் போறேன் பாப்பா."

"சொல்லு. சாவியப் பிடுங்கி வேற எவன்கிட்டயாவது குடுப்பாங்க. ஹாரன்ல உன் பேரா எழுதியிருக்கு? எவன் அடிச்சாலும் அது வரும்."

இதை அவர் வேலை போய்விடுமே என்ற பயத்தில்தான் சொன்னேன். அண்ணன் சட்டென்று நிமிர்ந்தார். "ஆமா. எவன் அடிச்சாலும் வரும்" என்றார். எழுந்து லாரியில் ஏறினார். அவர் போன விதம் பிடிக்காமல் நானும் ஏறிக்கொண்டேன்.

கடைசித் தொட்டி காய்ந்து கிடந்தது. லாரியில் முழுத் தண்ணீர். வளைவில் நிறுத்தி மூன்று முறை ஹாரன் அடித்தார். எத்தனை நாள் ஏமாந்திருக்கும் அந்தக் கூட்டம்! அப்படியும் வந்தன. விலா எலும்பெல்லாம் தெரிய, ஒத்தைக்கொம்பி முன்னால் வந்து லாரிக்குப் பின்னால் ஈரமாக இருந்த வால்வை நக்கியது.

அண்ணன் இறங்கிக் கல்லை எடுத்தார். முதல் கல் பக்கத்தில் விழுந்தது. அது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி நக்கியது.

"போதும் அண்ணா, வேணாம்" என்று கத்தினேன்.

"படாம எறிஞ்சா நம்பாது பாப்பா."

அடுத்த கல் முட்டியில் பட்டது. அடுத்தது மூக்கில் பட்டு ரத்தம் வந்தது. பிறகு லாரியில் ஏறி ஹாரனை அழுத்தியபடியே கூட்டத்துக்குள் ஓட்டினார். கன்று தடுக்கி விழுந்து எழுந்து ஓடியது. எல்லாம் மறைந்த பிறகும் கை ஹாரனை விடவில்லை. நான்தான் விரல்களைப் பிரித்து எடுத்தேன். அம்மா செத்தபோதுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

மறுநாள் சொன்ன பேச்சுத் தட்டாத பிள்ளையாக, துப்பாக்கிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஹாரன் அடித்தார். எதுவும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பேப்பர்காரர்களுக்கு வேறு செய்தி கிடைத்தது. துப்பாக்கிகள் திரும்பிப் போயின. அண்ணன் அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டார். அண்ணி இன்னொரு கரண்டி போட்டாள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆள் வராததால் விடுதியையும் மூடினார்கள். அதிகாரியே அண்ணனைக் கூப்பிட்டு, இனி லாரித் தண்ணீர் மொத்தமும் தொட்டிகளுக்குத்தான் என்றார். எதைக் கேட்டுக் கேட்டு நடையாய் நடந்தாரோ அது கிடைத்துவிட்டது. கடைசித் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினார். மறுநாள் போய்ப் பார்த்தால் தண்ணீர் அப்படியே இருந்தது. ஹாரன் இல்லாமல் போனார். லாரியைத் தூரத்தில் நிறுத்திவிட்டுக் கேன்களில் சுமந்து போனார். அப்போதும் வரவில்லை.

சும்மா ஈ ஓட்டிக்கொண்டிருந்த நானும் ஒரு நாள் கேன் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். தொட்டியைச் சுற்றி, கல் எறிந்தால் எட்டாத தூரத்தில், தரை வட்டமாக மிதிபட்டுத் தூளாகியிருந்தது. குளம்புத் தடங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன.

"தினம் வந்திருக்கு. சுத்திச் சுத்தி வந்து நின்னுட்டுத் திரும்பிப் போயிருக்கு" என்றார் அண்ணன். "வாடை தெரியும்ல, தண்ணி இருக்குன்னு. நானும் இருப்பேன்னு நெனச்சிருக்கு."

அந்த வட்டத்துக்கு வெளியே ஒரு மரத்தடியில் கன்று கிடந்தது. வயிறு ஏறி இறங்கவில்லை. பக்கத்தில் ஒத்தைக்கொம்பி நின்றது. எங்களைப் பார்த்து இரண்டடி பின்னால் போனது. கன்றை விட்டுப் போக முடியாமல் மறுபடி நின்றது. மூக்கில் கல் பட்ட இடம் ஆறியிருந்தது.

அண்ணன் கேனை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம வண்டியக் கண்டா அதுக்கு ஆகாது. என்னக் கண்டாலும் ஆகாது. வேற வண்டி, வேற ஆளு வந்து ஊத்தினா குடிக்கும். நீ ஆபீஸ்ல கேட்டுப் பாக்கறியா பாப்பா? தாய் ஒண்ணாவது பொழைக்கட்டும்."

வேறு வண்டிகளை விற்றாயிற்று. அவற்றை ஓட்டியவர்கள் வெளியேறியது என் ஜன்னலைத் தாண்டித்தான். இது அவருக்கும் தெரியும்.

"கேக்கறேன் அண்ணா" என்றேன்.